சங்குமுனையில் கருத்துகளை எடை போட்ட வாரம்

சங்குமுனைச் சூழல் காப்புச் சங்கத்தின் கருத்துப் பெட்டியை வாசகசாலையில் வைத்துத் திறந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களில் நூற்றைம்பது தாள்கள் மேலே பறந்து போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டன, அறுபத்தொரு தாள்கள் தாளுக்கொரு கனத்தில் மேசைமேல் கிடந்தன, மிச்சமிருந்த ஒரே ஒரு தாள் பெட்டியின் அடித்தகரத்தைக் கிழித்து, மேசைப் பலகையை உடைத்து, தரையில் போய் விழுந்து, சிமெண்டில் நீளமாக ஒரு விரிசலையும் விட்டது.

நான் அங்கேதான் இருந்தேன். என் பெயர் பட்டுக்கனி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சங்கத்து நோட்டீஸையெல்லாம் காசு வாங்காமல் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே இணைச் செயலாளர் ஆனவள். அன்றைக்கு யாரும் அலறவில்லை, யாரும் ஓடவில்லை. கூரையைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தலைவர் ஞானதுரை சார், தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஃபேனை ஆஃப் பண்ணுங்க" என்றார். ஃபேன் நின்றும் தாள்கள் இறங்கவில்லை. பிறகு யாரோ ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தார்கள், வேலை தொடங்கியது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு வடக்கே கடல், தெற்கே உப்பளம், நடுவே அனல் மின் நிலையம். பதினெட்டு வருஷத்தில் எங்கள் சங்கம் மரம் நட்டிருக்கிறது, ஆமை முட்டைக்குக் காவல் இருந்திருக்கிறது, கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியிருக்கிறது, நிலக்கரி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் ஒரு தீர்மானம் போட்டதில்லை, ஏனென்றால் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் அங்கே வேலைக்குப் போகிற ஆள் உண்டு. இப்போது மூன்றாவது யூனிட் வரப்போகிறது, அதற்கான அரசாங்கக் கருத்துக் கேட்புக் கூட்டம் வெள்ளிக்கிழமை என்று அறிவிப்பு வந்ததும் மழுப்ப முடியாமல் போய்விட்டது. கரி, பெட்ரோல், எரிவாயு இவற்றை எரிப்பது பற்றிச் சங்கத்தின் கொள்கை என்னவாக இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் உறுப்பினரிடமும் கேட்டு எழுதி வாங்குவதென்று முடிவானது. உறுப்பினருக்கு வெள்ளைத் தாள், விருப்பப்பட்டால் குடும்பத்தில் ஒருவருக்கு ரோஸ் தாள். உடனே நிறுத்தணும், படிப்படியாக நிறுத்தணும், இப்படியே போகட்டும் என்று மூன்று கட்டம், கீழே சொந்தமாக எழுத இடம். பெயர் எழுத வேண்டாம். அத்தனையும் என் கடை மெஷினில்தான் அடித்தேன், அந்த மெஷினும் அதே கரியில்தான் ஓடியது.

எங்கள் சங்கத்துக்கென்று ஒரு விதி இருக்கிறது, எட்டாம் விதி. முன்பு ஒருமுறை இரண்டாவது யூனிட்டுக்காக நடந்த கூட்டத்தில் மரம், மீன், ஆமை என்று நாங்கள் மாய்ந்து மாய்ந்து எழுதிக் கொடுத்ததையெல்லாம் ஓர் அதிகாரி பிரித்துக்கூடப் பார்க்காமல் "பதிவு செய்யப்பட்டது" என்று சொல்லி மூட்டை கட்டி எடுத்துப் போனார். அந்த எரிச்சலில் எழுதிய விதி அது: சங்கத்தில் யார் எழுதிய கருத்தையும் எழுதியவர் அல்லாத இன்னொருவர் சபையில் சத்தமாக வாசிக்க வேண்டும், கடைசித் தாளை வாசித்து முடிக்கும்வரை எந்தத் தீர்மானமும் போடக்கூடாது, அதுவரை அவரவர் எழுதியதைத் திருத்திக்கொள்ளவும் செய்யலாம். இருநூற்றுப் பதினோரு தாளைக் கம்பால் தள்ளியோ கையால் தூக்கியோ வாசித்துவிடலாம். தரையில் கிடந்ததை அசைக்கவே முடியவில்லை. உப்பு மூட்டை ஏற்றுகிற நான்கு பேர் வந்து, ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, முகம் சிவக்க இழுத்துவிட்டு, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

அது ரோஸ் தாள். நாலாக மடித்து, ஓரத்தில் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியது. யாருடையது என்று சபையில் எனக்கு மட்டும் தெரியும். என் வீட்டுக்காரருடையது.

அவர் பெயர் சேர்மதுரை. இருபத்து மூன்று வருஷமாக அனல் மின் நிலையத்தில் கரி போகிற கன்வேயர் பெல்ட்டில் காண்ட்ராக்ட் வேலை. பெண்டாட்டி சங்கத்தில் இருப்பதை அங்கே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பெண்கள் கூடிக் கோலப்போட்டி நடத்துகிற சங்கம் என்று சூப்பர்வைசர் நினைத்திருக்க வேண்டும். ஆனால் வேலைக்கு வருகிறவன் சங்கத்து வாசலை மிதித்தான் என்று தெரிந்தால் அன்றைக்கே கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். போன வருஷம் எங்கள் ஊர்வலத்தில் வந்த ஒரு பெரியவருக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்த ஒருவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். எங்கள் மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம். ஜெராக்ஸ் கடையை நம்பி ஒரு குடும்பமும் ஓடாது.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தமும் உண்டு. கல்யாணமான நாலாம் வருஷம், "உன் சங்கம் செயிச்சா நான் தெருவுல நிக்கணும்" என்று அவரும், "உங்க பெல்ட்டு செயிச்சா ஊரே சாம்பல்ல நிக்கணும்" என்று நானும் சத்தம் போட்டு, மூன்று நாள் பேசாமல் இருந்து, நாலாம் நாள் வீட்டுக்குள் கரியைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். தண்ணீர் லாரி, மீன் விலை, மகளின் ஹாஸ்டல் சாப்பாடு என்று வேறு எதைப் பேசினாலும் பேசுவோம், அதை மட்டும் பேச மாட்டோம். ரோஸ் தாளைச் சும்மா ஒரு மரியாதைக்குத்தான் அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். ஒட்டிக் கொடுத்தபோது அது மற்றத் தாள்களைப் போலத்தான் என் கையில் இருந்தது. எந்தக் கட்டத்தில் டிக் போட்டார் என்று கேட்க நாக்கு துடித்தது, கேட்கவில்லை.

தாள்களின் கனத்துக்குக் கணக்கு என்ன என்பதைத் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் ஊரே கண்டுபிடித்துவிட்டது. ஞானதுரை சார், "உடனே நிறுத்தணும்" என்று டிக் போட்டுச் சிவப்பு மையால் மூன்று கோடும் கிழித்திருந்தார், அது ட்யூப்லைட்டில் போய் ஒட்டிக்கொண்டு கம்புக்கும் அசையாமல் நின்றது. படகுக்காரர் மிக்கேல் அண்ணன் அதையேதான் டிக் போட்டிருந்தார், ஆனால் கீழே, "என் படகு எஞ்சினும் டீசல்தான், அதையும் நிறுத்திட்டுப் பழையபடி பாய் கட்டுதேன்" என்று எழுதியிருந்ததால் அது ஒன்பது கிலோ இருந்தது. உப்பளத்தில் வேலை செய்கிற உலகம்மாள் அக்கா, "இப்படியே போகட்டும், எம்பிள்ளை அங்கதான் வேலை பாக்கான், எனக்குக் கண்ணு போனாலும் பரவாயில்லை" என்று எழுதச் சொல்லியிருந்தார், சாம்பல் பட்டுப் பட்டு அவருக்குப் பார்வை மங்கியிருந்தது, அந்தத் தாள் பன்னிரண்டு கிலோ. நிறுத்து என்பதற்கும் கனம் இல்லை, நிறுத்தாதே என்பதற்கும் கனம் இல்லை, சொல்கிறவர் அதற்காக எதைக் கொடுக்கப் போகிறாரோ அதுதான் கனம் என்று புரிந்ததும் ஊர் வழக்கம்போலப் பேச ஆரம்பித்தது.

அப்புறம் என்ன, அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் வேறு பேச்சே இல்லை. பலசரக்குக் கடைக்காரர் தராசைத் தூக்கிவந்து வாசகசாலை வாசலில் வைத்தார். மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்குகிற இடத்தில், "உம்ம கருத்து எம்புட்டு?" என்று கேட்டால், "முக்கால் கிலோ அண்ணாச்சி, இன்னும் ஏத்தணும்" என்று பதில் வந்தது. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், பெண்ணின் அப்பா கருத்து கூரையில் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டுக் காப்பி குடிக்காமலே எழுந்து போனார்கள். கவுன்சிலர் படம் எடுக்க ஆளோடு வந்து தனக்கும் ஒரு படிவம் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்து எழுதினார், அவர் எழுதி முடிக்குமுன்பே தாள் பேனாவையும் இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டது.

எட்டாம் விதிப்படித் திருத்தலாம் அல்லவா, கூரைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஏணியில் ஏறி, "இனிமேல் காரை எடுக்க மாட்டேன்" என்று எழுதினார், தாள் தோள் உயரத்துக்கு இறங்கியது. "கோயிலுக்குப் போறதுக்கு மட்டும்" என்று அவர் மனதுக்குள் நினைத்திருக்க வேண்டும், அது மறுபடி ஏறிவிட்டது. ஞானதுரை சார் செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்த இரண்டு ஏசியையும் கழற்றிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார், அவர் தாள் ட்யூப்லைட்டிலிருந்து பிரிந்து இறங்கி அவர் காதருகே நின்றுவிட்டது. புதன்கிழமை முழுக்க அவர் எங்கே போனாலும் அது காதோடு காதாகக் கூடவே வந்தது. பாவம், நல்ல மனுஷன். முப்பது வருஷம் மேடையில் பேசியதெல்லாம் காற்றுப்போலத்தானா என்று என்னிடம் கேட்டபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இவ்வளவுக்கும் நடுவே ரோஸ் தாள் அசையாமல் கிடந்தது. லாரி ஜாக்கி வைத்துப் பார்த்தார்கள், ஜாக்கி வளைந்தது. மிக்கேல் அண்ணன் படகு இழுக்கிற கயிற்றைக் கட்டிப் பதினாறு பேரை வைத்து இழுத்தார், கயிறு அறுந்து பதினாறு பேரும் மல்லாந்தார்கள். ஒருத்தி சுற்றிக் கோலம் போட்டாள், ஒருத்தி கற்பூரம் காட்டினாள், சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், பேப்பர் படிக்க வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிக்கொண்டார்கள். "இது யாரோ பெரிய முதலாளி எழுதுனதா இருக்கும்" என்று ஒரு கட்சி, "அவனுவ தாளு பஞ்சு மாதிரி பறக்கும்ல" என்று இன்னொரு கட்சி. நான் விளக்குமாற்றை எடுத்துக் கற்பூரச் சாம்பலைக் கூட்டினேன். என் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தால் அவர் கழுத்திலிருந்து கேட் பாஸ் போய்விடும்.

புதன்கிழமை மத்தியானம் கமிட்டி கூடியது. "நாளை மறுநாள் கூட்டம். ஒரு தாளுக்காக நிக்க முடியாது, விட்டுட்டு எண்ணிரலாம்" என்றார் ஞானதுரை சார், காதருகே தாளோடு.

"விட்டுரலாம் சார்" என்று நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

மிக்கேல் அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "ஏம்மா பட்டுக்கனி, எட்டாம் விதியை எழுதுன கையே உன் கைதானம்மா. ஊருலயே கனத்த கருத்தை வாசிக்காம விட்டா நமக்கும் அந்த ஆபீசருக்கும் என்ன வித்தியாசம்? எழுதுன ஆளே வந்து தூக்கிப் பாக்கட்டும், நாளைக்குச் சாயங்காலம் வரை பாப்போம்" என்றார். அவர் சொன்னதுதான் நியாயம் என்பதால் எனக்கு அவர்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டேன். ஒப்பந்தத்தை மீறிவிட்டேன்.

"ஏங்க, உங்க தாளு வாசகசாலைத் தரையைப் பொளந்துட்டுக் கெடக்கு."

"பஸ்ஸுல பேசிக்கிட்டாவ" என்றார், குழம்பைப் பிசைந்தபடி.

"என்ன எழுதுனீய?"

"வாசிக்கத்தான எழுதுனேன். வாசிங்க."

"தூக்க முடியலைங்க. எழுதுன ஆளு வரணும்னு சொல்லுதாவ. நீங்க வந்தா கேட் பாஸ் போயிரும். வர வேண்டாம். நான் எப்படியாவது சமாளிச்சிக்கிடுதேன்."

அவர் அப்பளத்தை நொறுக்கினார். நொறுக்கிவிட்டு, "குழம்புல உப்பு தூக்கலா இருக்கு" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவர் "இப்படியே போகட்டும்" என்று எழுதியிருந்தால் நான் இருபது வருஷமாக யாரோடு குடித்தனம் செய்தேன் என்றாகும், "மூடணும்" என்று எழுதியிருந்தால் நாளைக்கு என் குடும்பம் என்னவாகும், இரண்டில் எது வந்தால் தேவலை என்று எனக்கே தெரியவில்லை.

வியாழக்கிழமை வாசகசாலையில் நிற்க இடமில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிவருகிற பஸ் தினமும் இரண்டரை மணிக்கு வாசகசாலையைத் தாண்டித்தான் போகும், அன்றைக்குத் தாண்டவில்லை, நின்றது. முன் படியில் சூப்பர்வைசர் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பின் படியிலிருந்து சேர்மதுரை இறங்கினார். மஞ்சள் ஹெல்மெட், நீலச் சட்டை, கண்ணைச் சுற்றிக் கரித்தூள். கூட்டம் விலகி வழி விட்டது. வாசலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினார், ஹெல்மெட்டைக் கழற்றினார், கழுத்திலிருந்த கேட் பாஸையும் கழற்றி, திரும்பி நடந்து போய்ச் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு குனிந்து, இரண்டு விரலால், பஸ் டிக்கெட்டை எடுப்பதுபோல அந்தத் தாளை எடுத்தார். இத்தனை வருஷமும் அதை அவர் தூக்கிக்கொண்டுதானே வேலைக்குப் போய் வந்திருக்கிறார், அவருக்கு என்ன கனம்.

"எழுதுன ஆளு வாசிக்கக் கூடாதாம்லா" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். "நீ வாசி."

வாங்கினேன். கனமாகத்தான் இருந்தது, தண்ணீர் நிரம்பிய குடத்தளவு, ஆனால் தாங்க முடிந்தது. பருக்கையைக் கிள்ளிப் பிரித்தேன். எந்தக் கட்டத்திலும் டிக் இல்லை. கீழே அவருடைய குண்டு குண்டு எழுத்து. சபை கேட்க வாசித்தேன்.

"ஐயா, நான் இருபத்து மூணு வருசமா கரி பெல்ட்டுல வேலை பாக்குதேன். மூணாவது யூனிட் வேண்டாம். இருக்கிற ரெண்டையும் மூடணும். மூடுததுக்கு முந்தி பெல்ட்டுல இருக்கிற எங்க இருநூத்தம்பது பேருக்கும் வேற பொழைப்புக்கு வழி பண்ணணும். அதைச் சங்கம்தான் கேக்கணும். இத்தனை வருசத்துல ஒருநாளும் சங்கம் எங்கள்ட்ட ஒண்ணும் கேட்டதில்லை."

ஞானதுரை சார் தலை குனிந்துகொண்டார். உலகம்மாள் அக்கா, "அப்படின்னா என் தாளையும் மாத்தி எழுதுங்க" என்று சத்தமாகச் சொன்னார். அன்று சாயங்காலமே அந்த வார்த்தைகளே சங்கத்தின் கொள்கை ஆயிற்று, மறுநாள் அந்தத் தீர்மானத்தைக் கூட்டத்துக்குத் தூக்கிப்போகப் பதினான்கு பேர் தேவைப்பட்டார்கள், சாரும் ஒரு மூலையைப் பிடித்தார். அதெல்லாம் சங்கத்துக் கதை, சங்கத்து நோட்டில் இருக்கிறது.

அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். அந்த வரிகளோடு நிறுத்தி, "அவ்வளவுதான்" என்று சொல்லித் தாளை மடிக்கப் போனேன். அது என் மணிக்கட்டை வெடுக்கென்று கீழே இழுத்தது, கை முழங்காலுக்கு வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் விட்டால் தரைக்கே போயிருக்கும். தாளின் அடியில் இரண்டு வரி மிச்சமிருந்தது, நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் மடித்தேன். "இன்னும் இருக்கா?" என்றார் மிக்கேல் அண்ணன். இருக்கிறது என்றேன். வாசித்தேன்.

"எங்களுக்கு வழி பண்ணலைன்னாலும் மூடணும். என் வீட்டுக்காரி எனக்குக் கேக்கக் கூடாதுன்னு தலையணையில மூஞ்சியை அமுக்கிக்கிட்டு இருமுதா. எனக்குக் கேக்கு."

இரண்டு வருஷமாக இருமுகிறேன். மகளிடம் சொல்லவில்லை, சங்கத்தில் சொல்லவில்லை, இவ்வளவு நேரம் கதை கேட்ட உங்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது அவர் கொண்டுவருகிற சம்பளத்தைக் குற்றம் சொல்வதுபோல ஆகிவிடும் என்று பயந்து அடக்கி அடக்கி வைத்திருந்தேன். அந்த நிமிஷம் இருமல் நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பி வந்தது, வழக்கம்போல முந்தானையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வாயைப் பொத்தாமல் இருமினேன்.